டெல்ஃபினியம் வளர்ப்பு: உறையில் அச்சிட்ட நிறமும் செடியில் பூக்கும் நிறமும்

டெல்ஃபினியம் வளர்க்கத் தொடங்கும் பலரும் முதல் பூக்காலத்திலேயே ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். விதை உறையின் மேல் தெளிந்த வான நீலம் அச்சிடப்பட்டிருந்தது. செடியில் பூத்ததோ ஊதாவும் சாம்பலும் கலந்த ஏதோ ஒரு மங்கல் நிறம். மண்ணில் குறையா, உரத்தில் குறையா, விதை விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? பெரும்பாலான நேரங்களில் இவை மூன்றுமே காரணமல்ல. விதையிலிருந்து வளரும் உயரமான டெல்ஃபினியத்தின் நிறம், அது பூக்கும் வரை உறுதியாகத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, எந்த அளவு நிச்சயம் தேவை என்று விதைப்பதற்கு முன்பே முடிவு செய்பவருக்கு ஏமாற்றம் குறைவு. இந்தக் கட்டுரை அந்த முடிவில் தொடங்கி, பிடித்த நிறத்தை நிலைநிறுத்துவது வரை வரிசையாகச் செல்கிறது.

செடியைப் பற்றி ஒரு வார்த்தை. ரனன்குலேசி குடும்பத்தைச் சேர்ந்த டெல்ஃபினியம் பேரினத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தோட்டங்களில் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பூங்கதிர்கள் பெரும்பாலும் டெல்ஃபினியம் எலாட்டம் என்ற இனத்தின் வழிவந்த கலப்பினங்கள். நாம் இதழ் என்று எண்ணி ரசிக்கும் வண்ணப் பகுதி உண்மையில் புல்லி இதழ்கள்தாம். அவற்றுள் மேலே உள்ளது பின்பக்கம் வால் போல நீண்டிருக்கும். உள்ளிதழ்கள் பூவின் நடுவே சிறு கொத்தாக, வெள்ளையாகவோ கறுப்பாகவோ பழுப்பாகவோ அமைகின்றன. இந்த நடுப்பகுதியைக் ‘கண்’ என்று குறிப்பிடுவோம். புல்லி இதழின் நிறமும் கண்ணின் நிறமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை அல்ல என்பதால், விதை உறையைப் படிக்கும்போது இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதல் படி: எதை வாங்குவது

குறிப்பிட்ட ஒரு நிறம் மட்டுமே வேண்டும், வேறு எது பூத்தாலும் மனம் ஒப்பாது என்பவர் விதையை நாடவே கூடாது. பெயரிடப்பட்ட எலாட்டம் வகைகளைச் செடியாக வாங்க வேண்டும். இவை தாய்ச்செடியின் அடிக்குருத்துகளை வெட்டி வேரூன்றச் செய்து பெருக்கப்படுபவை. ஆகவே ஒவ்வொரு கன்றும் தாயின் நேர்நகல். தாயின் நிறமே கன்றின் நிறம். இங்கிலாந்தில் 1901 முதல் இயங்கும் பிளாக்மோர் அண்ட் லாங்டன் போன்ற பழைய நாற்றங்கால்கள் இவ்வகைச் செடிகளால்தான் பெயர் பெற்றன. விலை கூடுதல், கிடைப்பதும் அரிது. ஆனால் நிறத்தில் ஐயம் இல்லை.

விதைதான் வேண்டும், ஆனால் நிறமும் ஓரளவு உறுதியாக இருக்க வேண்டும் என்றால் எஃப்-1 கலப்பின விதைகளை, அதாவது இரு தேர்ந்த வரிசைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதைகளை, தேர்ந்தெடுக்கலாம். கார்டியன், அரோரா ஆகிய வரிசைகள் கொய்மலர் வளர்ப்போருக்காகவே ஒருசீராக உருவாக்கப்பட்டவை. ஒரே நிறப் பெயரில் வாங்கினால் பாத்தி முழுவதும் ஏறக்குறைய ஒன்றுபோல் பூக்கும். இவற்றின் செடியில் எடுக்கும் விதைக்கு அந்த உறுதி கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அடுத்த தலைமுறையில் நிறங்கள் பிரிந்துவிடும்.

உலகெங்கும் மிக எளிதாகக் கிடைப்பவை பசிஃபிக் ஜயன்ட் என்ற பெயரில் விற்கப்படும் விதைகள். கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ரைனெல்ட் உருவாக்கிய இந்த வரிசையில் ஆர்தர் மன்னர் கதைகளின் பெயர்கள் நிறைந்திருக்கும். ‘கிங் ஆர்தர்’ என்றால் வெள்ளைக் கண்ணோடு கூடிய அடர் ஊதா, ‘கலஹாட்’ என்றால் தூய வெள்ளை, ‘பிளாக் நைட்’ என்றால் கறுத்த கண்ணோடு மிக ஆழ்ந்த ஊதா, ‘சம்மர் ஸ்கைஸ்’ என்றால் வெள்ளைக் கண்ணோடு வெளிர் நீலம். அவர் காலத்தில் கையால் மகரந்தம் சேர்த்து, தவறிய நிறங்களை விடாமல் களைந்து, இந்த நிறங்களைக் காத்தார்கள். இன்று அதே பெயரில் விற்கப்படும் விதைகளில் பல, தேனீக்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட வயல்களிலிருந்து வருபவை. ஆகவே பெயரை ஒரு வாக்குறுதியாகக் கொள்ளாமல், எதிர்பார்க்கக்கூடிய நிறத்தின் திசையாக மட்டும் கொள்வது நல்லது. கையால் மகரந்தம் சேர்த்த விதை என்று விற்பவர் வெளிப்படையாகச் சொன்னால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். நியூசிலாந்திலிருந்து வரும் நியூ மில்லெனியம் வரிசை அப்படிப்பட்டது.

இடம் குறைவாக உள்ளவர்கள் பெல்லடோனா வகையையோ, ஓரிரு அடி உயரமே வளரும் டெல்ஃபினியம் கிராண்டிஃபுளோரத்தையோ நாடலாம். இவற்றில் நிறங்கள் குறைவு. நீலமும் வெள்ளையும்தான் பெரும்பகுதி. அதனாலேயே வியப்புக்கும் இடம் குறைவு. தொடக்கத்தில் கிராண்டிஃபுளோரத்தோடு பழகிவிட்டு எலாட்டத்துக்கு வருவது நல்ல வழி என்பது என் கருத்து.

சிவப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உயரமான எலாட்டம் விதை என்று சொல்லி, உறையில் செக்கச் சிவந்த பூவைக் காட்டினால் நம்பத் தேவையில்லை. கலிஃபோர்னியாவைத் தாயகமாகக் கொண்ட நூடிகௌலே, கார்டினாலே ஆகிய இனங்கள்தாம் இயல்பாகச் சிவப்பாகப் பூப்பவை. அவற்றின் நிறத்தை உயரமான செடிக்குக் கொண்டுவர நெதர்லாந்தின் வாகெனிங்கனில் லெக்ரோ என்ற ஆய்வாளர் 1953இல் தொடங்கிய கலப்புப் பணி பல ஆண்டுகள் நீடித்தது. வெற்றியும் கிடைத்தது, ஆனால் அந்தச் செடிகள் வீட்டுத் தோட்டங்களில் பரவலாக நிலைக்கவில்லை.

நிறம் ஏன் பிடிபடுவதில்லை

டெல்ஃபினியத்தின் நீலத்துக்கும் ஊதாவுக்கும் அடிப்படை ஒரே நிறமிதான். ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்த அதன் பெயர் டெல்ஃபினிடின். இந்தச் செடியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அந்த நிறமியோடு செடி வேறு சில மூலக்கூறுகளை இணைக்கிறது. குறைவாக இணைந்தால் வயோல்டெல்ஃபின் என்ற ஊதா நிறமி உருவாகிறது. மேலும் இணைந்தால் சயனோடெல்ஃபின் என்ற தெளிந்த நீல நிறமி உருவாகிறது. நிறமியே உருவாகாதபோது பூ வெள்ளையாகிறது. இந்த இணைப்பு வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு மரபணு நடத்துவதால், எங்கே ஒரு கட்டம் தளர்கிறதோ அதற்கேற்ப நீலம் ஊதாவை நோக்கியோ வெளிர்நிறத்தை நோக்கியோ நகர்கிறது.

ஹைட்ரேஞ்சியா வளர்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது உண்டு. ஹைட்ரேஞ்சியாவில் மண்ணின் அமிலத் தன்மையும் அலுமினியமும் பூவை நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ மாற்றும். டெல்ஃபினியத்தில் அந்த வித்தை பலிக்காது. படிகாரம், துருப்பிடித்த ஆணி, இரும்புச் சத்துக் கரைசல் ஆகியவற்றால் ஊதாப் பூவை நீலமாக்க முயல்வது வீண் வேலை.

மரபணுக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல உயிர்களில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் (நகல்கள்) இருக்க, எலாட்டம் கலப்பினங்களில் நான்கு படிகள் உள்ளன. அவற்றின் குரோமோசோம்கள் 32. சீட்டாட்டத்தில் கையில் நான்கு சீட்டுகள் இருந்து, அவற்றிலிருந்து கண்ணை மூடி இரண்டைப் பிள்ளைக்குக் கொடுப்பது போல எண்ணிக்கொள்ளலாம். நிறம் தரும் சீட்டு இரண்டும் நிறமில்லாச் சீட்டு இரண்டும் வைத்திருக்கும் ஒரு செடி, தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால், நான்கு சீட்டும் நிறமில்லாதவையாக அமைந்து வெள்ளைப் பூச் செடி பிறக்கும் வாய்ப்பு 36இல் 1. இரண்டு படிகள் மட்டும் உள்ள செடியில் இதே வாய்ப்பு 4இல் 1 ஆக இருந்திருக்கும். உண்மையில் நிறத்தை ஆள்வது ஒரே மரபணு அல்ல என்பதால் கணக்கு இன்னும் விரியும். பத்துச் செடிகளை மட்டும் வளர்ப்பவருக்கு, மறைந்திருக்கும் நிறம் ஒன்றுகூட வெளிப்படாமல் போகலாம். அதே விதையை அண்டை வீட்டார் விதைக்க, அங்கே முதல் கதிரே வெள்ளையாகப் பூக்கலாம். தேனீக்கள் தாமாகக் கலந்த விதையைத் தலைமுறைதோறும் விதைத்துக்கொண்டே போனால், தெளிந்த நீலங்கள் அருகி ஊதாச் சாயல்களே பாத்தியை நிறைக்கத் தொடங்குவதற்கும் இதுவே பின்னணி.

விதைப்பு

டெல்ஃபினியம் விதை சூடு தாங்காது. அறை வெப்பத்தில் அலமாரியில் கிடந்த விதையின் முளைப்புத் திறன் ஓராண்டுக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும். வாங்கிய அன்றே காற்றுப்புகாத சிறு டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். விதைக்க ஒரு வாரம் முன்பு, ஈரமான காகிதத் துணியில் விதைகளைப் பரப்பி மடித்து, உறையிலிட்டு, அதே பெட்டியில் வைத்தால் முளைப்பு சீராகும்.

குழித்தட்டில் சன்னமான, நன்கு வடியும் கலவையை நிரப்பவும். தென்னைநார்க் கழிவும் பெர்லைட் என்ற இலேசான வெண்ணிறப் பாறைத் துகளும் கலந்தது போதும். குழிக்கு ஒரு விதை இட்டு, அது மறையும் அளவுக்கு, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு, மேலே கலவையைத் தூவ வேண்டும். 12 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி முளைப்புக்கு ஏற்றது. 20 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் விதைகள் உறங்கிவிடும் என்பதால், தட்டின் அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பும் வேண்டாம், வெயில் படும் சன்னலோரமும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைகள் வெளிவரும். எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. முதல் முளைகள் வந்தவுடன் தட்டைக் காலி செய்யும் அவசரம் கூடாது.

முளைத்த ஒவ்வொரு நாற்றுக்கும் இப்போதே எண் கொடுத்துவிட வேண்டும். இந்தச் சிறு வேலையைத் தள்ளிப்போடுபவர்கள் பின்னால் நிறத்தைப் பற்றி எதையும் தெளிவாகச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். அடையாளச் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

நாற்று நிலையிலேயே நிறத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு கிடைக்கும். பிளவுபட்ட உண்மை இலைகள் மூன்று நான்கு வந்தபின், நாற்றை வெளிச்சத்தில் பிடித்து இலைக்காம்பு தண்டோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். சிலவற்றில் அங்கே செம்பழுப்பு அல்லது ஊதாச் சாயல் ஓடியிருக்கும். சிலவற்றில் காம்பு முழுவதும் வெறும் பச்சையாகவே இருக்கும். சாயம் உள்ளது நிறமியை உருவாக்கக்கூடிய செடி, பெரும்பாலும் நீலமோ ஊதாவோ பூக்கும். வெறும் பச்சை என்பது வெள்ளைக்கோ மிக வெளிர் நிறத்துக்கோ அடையாளமாக இருக்கலாம். இது முன்னறிகுறியே தவிரத் தீர்ப்பு அல்ல. இதை நம்பி எந்த நாற்றையும் பிடுங்கி எறிய வேண்டாம். அதேபோல், சிறுத்த நாற்றுகளை மட்டும் கழித்துவிடும் பழக்கமும் இங்கே ஆகாது. நாற்றின் வேகத்துக்கும் பூவின் அழகுக்கும் சம்பந்தமில்லை.

நிலத்தில் நடுதல்

நடவு முறையில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில், நீர் தேங்காத மண், மக்கிய தொழுவுரம், 6.5 முதல் 7.5 வரை பிஎச் (மண்ணின் அமில-காரத் தன்மை) அளவு, செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி ஆகியவை போதும். கோடை குளிர்ச்சியாக உள்ள இடத்தில் இது பல்லாண்டுச் செடி. கடும் வெப்பமுள்ள இடத்தில் குளிர்பருவத்துச் செடியாக ஒரே ஆண்டு வளர்த்துப் பூப் பார்ப்பதே நடைமுறை; அங்கே நிறத்தை நிலைநிறுத்தும் பிற்பகுதி வேலைகளுக்கு வாய்ப்புக் குறைவு. தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதால் காற்றில் மளுக்கென்று முறியும்; முழங்கால் உயரம் வரும்போதே முட்டுக்குச்சி நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். இளங்குருத்துகளை நத்தைகள் ஒரே இரவில் மொட்டையாக்கிவிடும் என்பதால் மாலையில் ஒரு சுற்று பார்ப்பது நல்லது. இலையில் வெண்பூச்சாகப் படரும் சாம்பல் நோய், காற்றோட்டம் குறைந்த பாத்தியில்தான் அதிகம் தலைகாட்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. இளந்தளிரும் விதையும் கூடுதல் நஞ்சு. வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் காட்டு டெல்ஃபினியத்தைத் தின்று மாடுகள் இறப்பது நெடுநாளாக அறியப்பட்ட சிக்கல். கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். கழித்த தழையைக் கால்நடைகளுக்குப் போடாதீர்கள்.

நிறத்தை எப்போது, எப்படி மதிப்பிடுவது

முதலாண்டில் ஒரு செடிக்கு ஒரு கதிரை மட்டும் பூக்கவிட்டு மற்றக் குருத்துகளை நீக்கிவிடலாம். அந்த முதல் கதிரைக் கொண்டு தீர்ப்பெழுதுவது சரியல்ல. அடுக்குப் பூப் பூக்க வேண்டிய செடி முதலாண்டில் ஒற்றை அடுக்காகப் பூப்பதும், கதிர் குட்டையாக இருப்பதும், வெயில் ஏறிய வாரத்தில் நிறம் வெளுத்துத் தெரிவதும் வழக்கம். இளஞ்சிவப்புச் சாயல்கள் வெயிலில் மிக விரைவாக வெளுக்கும். முதலாண்டில் குறிப்பெடுத்து, இரண்டாம் ஆண்டில் இரண்டு மூன்று கதிர்கள் வந்தபின் முடிவு செய்யுங்கள்.

பார்க்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். கதிரின் அடியில் உள்ள பூக்கள் முதுமையடைந்து நிறம் மாறத் தொடங்கியிருக்கும். நுனியில் உள்ளவை முழுவதும் விரிந்திருக்காது. ஆகவே நடுப்பகுதியில், விரிந்து ஓரிரு நாளான ஒரு பூவைக் கிள்ளி, வெள்ளைத்தாளின் மேல் வைத்து, மேகம் மூடிய காலை வெளிச்சத்தில் பாருங்கள். அப்படி நெருங்கிப் பார்க்கும்போதுதான், தொலைவில் ஒரே நீலமாகத் தெரிந்த பூவில் வெளியடுக்கு நீலமாகவும் உள்ளடுக்கு இளவூதாவாகவும் இருப்பது புலப்படும். எட்ட நின்று பார்க்கும்போது மங்கலாகத் தெரிவதற்கும் பல நேரம் இந்த இரட்டைச் சாயலே காரணம். பிறகு கண்ணின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட சாயல்களைக் கேமராக்கள் தம் விருப்பப்படி ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். விதை விற்பனைப் படங்களில் ஊதா நீலமாகிவிடுவதற்குப் பாதிக் காரணம் இதுவே, மீதிக் காரணம் விற்பவரின் ஆசை. துல்லியம் வேண்டுவோர் லண்டனின் அரச தோட்டக்கலைக் கழகம் 1966இல் முதலில் வெளியிட்ட வண்ண அட்டைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பெயின்ட் கடைகளில் கிடைக்கும் நிற அட்டைகளில் மிக நெருங்கியதன் எண்ணைச் செடியின் எண்ணுக்கு எதிரே எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு ஒப்பிட அது போதும்.

பிடித்த நிறத்தைப் பெருக்குதல்

இரண்டாம் ஆண்டில் ஒரு செடி மனதுக்கு நிறைவான நிறத்தைத் தந்துவிட்டால், அதைக் காக்க ஒரே உறுதியான வழி அடிக்குருத்து வெட்டிப் பெருக்குவது. பசிஃபிக் வழிவந்த செடிகள் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடுவதால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

குளிர் நீங்கிப் புதுக்குருத்துகள் 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் வந்த நேரமே வெட்டுவதற்கு உகந்தது. கிழங்குத் தலையைச் சுற்றி மண்ணை விரலால் ஒதுக்கி, குருத்து எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள். கூரான கத்தியால், கிழங்கின் ஒரு மெல்லிய சீவலும் சேர்ந்து வரும்படி அடியோடு வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தைத் திருப்பிப் பாருங்கள். அது வெண்மையாக, இடைவெளியின்றிக் கெட்டியாக இருந்தால் வேர்விடும். நடுவில் துளை தெரிந்தால் அது அழுகும். அதை வைத்துக்கொண்டு நேரம் கழிக்க வேண்டாம். தேறிய குருத்துகளை ஈரமான பெர்லைட்டிலோ பருமணலிலோ நிழலில் நட்டு வைத்தால் மூன்று முதல் ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும். தாய்ச்செடியில் இரண்டு மூன்று குருத்துகளையாவது மிச்சம் விட வேண்டும்.

சொந்தமாக விதை எடுத்தல்

கலந்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள் தேனீக்களை முந்திக்கொள்ள வேண்டும். தாயாகத் தேர்ந்த கதிரின் அடிப்பகுதியில், விரியும் தறுவாயிலுள்ள நான்கைந்து மொட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லி இதழ்களையும் உள்ளிதழ்களையும் கிள்ளிவிட்டு, இன்னும் வெடிக்காத மகரந்தப்பைகள் அனைத்தையும் இடுக்கியால் நீக்கினால், நடுவில் பச்சையான மூன்று சிறு சூலகக் கூம்புகள் மட்டும் நிற்கும். டெல்ஃபினியத்தில் மகரந்தம் முதலில் முதிர்ந்து, சூல்முடி சில நாள் கழித்தே பக்குவமடைவதால் இதற்குப் போதிய அவகாசம் இருக்கிறது. வண்ணமெல்லாம் போன அந்த மொட்டைப் பூவைத் தேனீக்களும் பெரும்பாலும் சீண்டுவதில்லை. கூம்புகளின் நுனிகள் சற்று விலகிப் பளபளக்கும்போது, தந்தையாகத் தேர்ந்த செடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் தொட்டு வைத்து, மறுநாளும் ஒருமுறை அதையே செய்யுங்கள். ஒத்த நிறத்தோடு ஒத்த நிறத்தைச் சேர்ப்பதே தொடக்கத்தில் நல்லது. வெள்ளையோடு வெள்ளை சேர்ந்தால் பெரும்பாலும் வெள்ளை வரும். அடர் ஊதாவோடு வெளிர் நீலத்தைச் சேர்த்தால், எதிர்பார்க்கும் இடைநிறத்துக்குப் பதில் பாதிக்கு மேல் ஊதாச் சாயலே வரத் தயாராக இருங்கள்.

காய்கள் பழுப்பேறி நுனி வாய்பிளக்கும் நாளில் பறித்து, காகிதத்தின் மேல் ஒரு வாரம் உலர்த்தி, கறுத்த விதைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். டப்பாவின் மேல் தாயின் எண், தந்தையின் எண், ஆண்டு ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் செல்வதால் ‘நஞ்சு, உண்ணக்கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி மூடியின் மேல் ஒட்டுநாடா சுற்றி வைத்துவிடுங்கள்.